மழை கழுவிய காற்றில் துகள் எண்ணிக்கை ஏறுவது ஏன்?

மாடிநிலையம் எழுதியது:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகக் காற்றிலுள்ள ஏரோசால் துகள்களை அளந்து வருகிறேன். துறைக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் மூன்று கருவிகள் ஓடுகின்றன. முதலாவது, ஒளிச்சிதறலை வைத்து பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் எடை சொல்லும் சாதாரண சென்சார். அடுத்தது, பியூட்டனால் ஊற்றி ஓட்டும் சி.பி.சி. என்ற துகள் எண்ணும் கருவி; 3 நானோமீட்டர் துகளைக்கூட எண்ணிவிடும். மூன்றாவது, புகைக்கரியை அளக்கும் எத்தலோமீட்டர்.

இரவு நல்ல மழை பெய்து, மறுநாள் காலை வானம் பளிச்சென்று திறந்துவிட்டால் பி.எம். 2.5 ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே நாளில் காலை 9 மணிக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 3,000 அல்லது 4,000 என்று இருந்த சி.பி.சி. எண்ணிக்கை, நண்பகலுக்குள் 30,000 வரை போகிறது. எத்தலோமீட்டர் கோடு அசையவே இல்லை, அதனால் வண்டிப் புகை என்று சொல்ல மனம் வரவில்லை. வானம் மங்கலாக, பி.எம். 2.5 எண்பதைத் தாண்டி நிற்கும் நாட்களில் இந்த ஏற்றமே கிடையாது.

காற்று சுத்தமாக இருக்கும்போது துகள் கூடுவதும், மங்கலாக இருக்கும்போது கூடாமல் இருப்பதும் எப்படி? இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன? கருவியைச் சந்தேகப்பட வேண்டுமா, காற்றையா?

---

பியூட்டனால்வாசம் எழுதியது:

கருவியை விட்டுவிடுங்கள். இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்கின்றன, ஒன்று எடையை, மற்றது தலை எண்ணிக்கையை. இந்த இரண்டும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் ஒரு கன சென்டிமீட்டரில் 30,000 இருப்பதாக வையுங்கள். அடர்த்தி 1.5 என்று எடுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் மொத்த எடை 0.02 மைக்ரோகிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உங்கள் சென்சார் காட்டும் எண்ணில் அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்: ஒளிச்சிதறல் சென்சார்கள் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே குருடு. விட்டம் நூறு மடங்கு கூடினால் எடை பத்து லட்சம் மடங்கு கூடும். ஆகவே ஒரே ஒரு 1 மைக்ரான் (1,000 நானோமீட்டர்) துகள், 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்துக்குச் சமம். எண்ணிக்கையை ஆள்பவை பொடிகள், எடையை ஆள்பவை பெரியவை. இந்த ஒரு விஷயம் மனதில் ஏறிவிட்டால் ஏரோசாலில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது, எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. கீழ் வளிமண்டலத் துகள்களுக்கு இரண்டு பிறப்பு வழிகள். துகளாகவே காற்றில் ஏறுபவை ஒரு வகை: புகைக்கரி, கடல் உப்பு, மண் தூசி, மகரந்தம், பூஞ்சை வித்து. வாயுவாக ஏறி, காற்றிலேயே துகளாக மாறுபவை இன்னொரு வகை. உங்கள் நண்பகல் ஏற்றம் இந்த இரண்டாவது வகை என்றுதான் எனக்குப் படுகிறது. புகைக்கரி அசையவில்லை என்று நீங்களே கவனித்திருப்பது நல்ல தடயம்.

நடப்பது இதுதான். சூரியனின் புற ஊதாக் கதிர் ஓசோனைப் பிளக்கிறது. அதிலிருந்து வரும் ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகிறது. ஹைட்ராக்சில் சல்ஃபர் டை ஆக்சைடைத் தொட்டால், ஒன்றிரண்டு படிகளில் சல்ஃப்யூரிக் அமில ஆவி கிடைத்துவிடும். நல்ல வெயில், தாராளமான ஈரம், கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைடு: மழை விட்ட மறுநாள் காலையில் மூன்றும் கையில் இருக்கின்றன. உருவாகும் அமிலம் எவ்வளவு சொற்பம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரைமட்டத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 25 போட்டு 18 சுழியம். அதில் பகல் நேரத்தில் சல்ஃப்யூரிக் அமில மூலக்கூறுகள் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை இருக்கும். அத்தனை கூட்டத்தில் இவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும்.

ஒட்டினாலும் நிலைப்பது கடினம். இரண்டு மூன்று மூலக்கூறுகள் சேர்ந்த கொத்தின் பரப்பு மிக வளைந்தது. அங்கே மூலக்கூறைப் பிடித்துவைக்கப் பக்கத்துத் துணை குறைவு, உடனே ஆவியாகிப் பிரிந்துவிடும். கெல்வின் விளைவு என்பது இதுதான். கொத்து 1.5 நானோமீட்டர் அளவைத் தாண்டிவிட்டால் பிரிவதைவிடச் சேர்வது வேகமாகும், பிறகு அது துகள். அதுவரை அதைக் காப்பாற்ற ஒரு காரம் வேண்டும். அமோனியா போதும் என்றுதான் பலர் நம்பினார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 26 கன மீட்டர் எஃகுக் கலத்தை வைத்து நடக்கும் கிளவுட் பரிசோதனை அதைச் சோதித்தது. சல்ஃப்யூரிக் அமிலம், நீர், அமோனியா மூன்றும் சேர்ந்தாலும் தரையருகே காணப்படும் வேகத்துக்குப் போதாது என்று 2011-இல் அறிவித்தார்கள். 2013-இல், அமோனியாவின் உறவான டைமெத்தில் அமீன் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே வேகம் அமோனியாவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டினார்கள். கால்நடைக் கழிவு, உரமிட்ட வயல், சாக்கடை, சில தொழிற்சாலைகள் எல்லாம் அமீன் விடும் இடங்கள். உங்கள் மாடிக்குக் காற்று வரும் திசையில் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

பிறந்தபின் வளர்ப்பது பெரும்பாலும் மரங்கள். பைன் போன்ற மரங்கள் விடும் டெர்பீன் ஆவிகள் ஓசோனோடு வினைபுரிந்ததும், ஒரே மூலக்கூறு சில வினாடிகளுக்குள் திரும்பத் திரும்ப ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. ஏற ஏற ஆவியாகும் தன்மை அற்றுப்போய், முதலில் தொடும் துகளிலேயே ஒட்டிவிடும். 2014-இல்தான் இதை நேரடியாகக் காட்ட முடிந்தது. இந்தப் பொருட்கள் சல்ஃப்யூரிக் அமிலமே இல்லாமல் தனியாகவும் துகளாகும் என்று 2016-இல் அதே கிளவுட் குழு நிரூபித்தது. தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய காலத்து வானத்தைப் பற்றிய கணக்கையே மாற்றிய முடிவு அது. தனிப்பட்ட முறையில் இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவும் அதுதான்.

சரி, சுத்தமான நாளில்தான் ஏன்? உங்கள் கேள்வியின் மையம் இதுதான். ஆவிக்கு இரண்டு வழி: புதுக் கொத்தாகச் சேரலாம், அல்லது ஏற்கெனவே இருக்கும் துகளின் மேல் போய் ஒட்டலாம். இரண்டாவதற்குத் தடையே கிடையாது. அந்தப் பழைய பரப்பு ஆவியை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதைத்தான் கண்டன்சேஷன் சிங்க் என்கிறோம். சுத்தமான காட்டுக் காற்றில் ஒரு சல்ஃப்யூரிக் அமில மூலக்கூறு சுமார் கால் மணி நேரம் தனியாகத் திரிய முடியும். புகை மூட்டத்தில் ஒரு நிமிடம்கூட நிச்சயமில்லை. அதோடு, தப்பிப் பிறக்கும் 2 நானோமீட்டர் குஞ்சுகளையும் அதே பழைய துகள்கள் மோதி விழுங்கிவிடும். மழை அந்தப் பழைய பரப்பைக் கழுவிவிட்டது, வெயில் புது ஆவியைத் தந்தது, தடுக்க ஆளில்லை. உங்கள் எண்பதைத் தாண்டிய நாளில் அமிலம் உருவாகாமல் இல்லை. உருவானதெல்லாம் பழைய துகளின் மேல் போய் எடையைக் கூட்டியது.

இதையே இரும்பு விதியாக எடுத்துவிட வேண்டாம். ஷாங்காய் போன்ற நெரிசலான நகரத்திலும் புதுத் துகள்கள் பிறப்பதை 2018-இல் வெளியிட்டார்கள். அங்கே அமிலமும் அமீனும் அவ்வளவு தாராளம் என்பதால், சிங்க் பெரிதாக இருந்தும் பிறப்பு வெல்கிறது.

உங்களால் முடிந்தால், துகள்களை விட்டம் வாரியாகப் பிரித்து எண்ணும் எஸ்.எம்.பி.எஸ். கருவி ஒன்றை இரவல் வாங்கி அளவுவாரியாகப் பாருங்கள். பின்லாந்தின் ஹூட்டியாலா காட்டு நிலையத்தில் 1996 முதல் இதை விடாமல் அளக்கிறார்கள். நேரத்தைக் கிடையாகவும் விட்டத்தைச் செங்குத்தாகவும் போட்டால், காலையில் மிகச் சிறிய அளவில் தோன்றி மாலைவரை மேலே வளைந்து போகும் பட்டை ஒன்று தெரியும். வாழைப்பழ வடிவில் இருப்பதால் உலகம் முழுக்க அதற்கு ‘பனானா’ என்றே பெயர். மணிக்கு 1 முதல் 10 நானோமீட்டர் வளர்ச்சி சாதாரணம். அந்தப் பட்டை கிடைத்தால் விவாதமே வேண்டாம்.

இன்னொன்று. மழைக்குப் பின் காற்று ஈரமாக இருக்கும். உலர்த்தி இல்லாமல் இழுத்தால் சி.பி.சி.யின் பியூட்டனாலில் தண்ணீர் கலந்து, எண்ணும் திறன் சரியும். உறிஞ்சு குழாயையும் முடிந்தவரை குட்டையாக வையுங்கள். 3 நானோமீட்டர் துகள் நீளக் குழாயின் சுவரிலேயே போய்ச் சேர்ந்துவிடும், கருவியை எட்டாது.

---

உப்புக்காற்று எழுதியது:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘துகளாகவே ஏறுபவை’ ஒரே வரியில் முடிந்துவிட்டதே என்று வருத்தம். உலக அளவில் எடையை எடுத்தால் கடல் உப்பும் மண் தூசியும்தான் முன்னால் நிற்கின்றன. தூசி மட்டுமே ஆண்டுக்கு நூறு கோடி டன்னைத் தாண்டும்.

கடல் உப்பு அலை சாரலில் வருகிறது என்று பலரும் நினைப்பார்கள். அதில் கிளம்பும் துளிகள் பெரும்பாலும் பெரியவை, சீக்கிரம் விழுந்துவிடும். நீண்ட நேரம் மிதக்கும் உப்புத் துகள் குமிழியிலிருந்து வருகிறது. அலை உடையும்போது காற்று தண்ணீருக்குள் அமுங்கிக் குமிழிகளாக மேலேறுகிறது. மேற்பரப்பை எட்டியதும் குமிழியின் மெல்லிய மூடி கிழிந்து பொடிப் பொடித் துளிகளாகச் சிதறும். மூடி போனதும் வெற்றுக் குழிக்குள் நாலாபுறமும் தண்ணீர் பாய்ந்து, நடுவில் ஒரு தாரை எழும்பும். அது அறுந்து குமிழி விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சில துளிகளை மேலே எறியும். தண்ணீர் வற்றியதும் மிஞ்சுவது உப்பு, கூடவே கடல் மேற்பரப்பில் மிதந்த உயிர்ப்பொருள்.

தூசியும் நேரடியாகக் கிளம்புவதில்லை. மிகப் பொடியான மண்ணை அதன் ஒட்டுத்தன்மையே தரையோடு பிடித்துக்கொள்ளும். காற்று முதலில் கிளப்புவது 100 மைக்ரானுக்கு அருகிலுள்ள மணலை. அது துள்ளித் துள்ளி விழுந்து தரையை அடிக்க, அந்த அடியில்தான் பொடி உதிர்ந்து ஏறுகிறது. சாட் நாட்டின் போடெலே பள்ளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வற்றிய பழைய ஏரியின் படுகை அது. அங்கே கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்கு பாஸ்பரஸ் கொண்டுபோகிறது.

மாடிநிலையம், நீங்கள் கடலோரமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கடல் இறங்கி பாசி வெளியே தெரியும் நேரத்தில் அயோடின் ஆவி வந்து, அதுவும் புதுத் துகளை உண்டாக்கும். அயர்லாந்தின் மேஸ் ஹெட் நிலையத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எனவே மழையோடு ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடிநிலையம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கடல் வெகு தொலைவு, அதனால் ஓதம் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். கிடைத்தது, ஆனால் அது 10 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது.

சில நாட்களில் நீங்கள் சொன்ன பட்டை அழகாக வருகிறது. 10-இல் தொடங்கி மாலையில் 40 நானோமீட்டரைத் தொடுகிறது. வேறு சில நாட்களில் பத்தரை மணி வாக்கில் 20 நானோமீட்டர் துகள்கள் எங்கிருந்தோ வந்தது போலத் திடீரென்று நிற்கின்றன. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. இது எந்தக் கணக்கு?

---

பியூட்டனால்வாசம் எழுதியது:

அருமையான தரவு இது, ஆய்வேட்டில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

இரண்டாவது வகை நாட்களில் பிறப்பு உங்கள் மாடியில் நடக்கவில்லை. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று தாழ்வான அடுக்காக ஒடுங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது நேற்றைய பகலின் எஞ்சிய அடுக்கு. காலை வெயில் முதலில் படுவதும் அங்கேதான். குளிரும் அதிகம், பழைய துகளும் குறைவாக இருக்கலாம், ஆகவே துகள் அங்கே முன்னதாகவே பிறந்து வளரத் தொடங்கிவிடும். தரை சூடேறி எல்லை அடுக்கு (தரையை ஒட்டிக் கலங்கும் காற்று) உயர்ந்து மேலடுக்கை உடைக்கும் நேரம் பத்து, பதினொரு மணி. அப்போது வளர்ந்த துகள்கள் மொத்தமாகக் கீழே கலக்கின்றன. பிறப்பை நீங்கள் பார்க்காமல், வருகையை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் ஈரப்பதம் சட்டென்று இறங்கி, ஓசோன் ஏறியிருந்தால் கலப்புதான் என்று உறுதியாகச் சொல்லலாம். வானிலை பலூன் தரவு கிடைத்தால் இன்னும் நல்லது.

இதன் பெரிய வடிவம் அமேசானில் இருக்கிறது. அவ்வளவு காடு இருந்தும் தரையருகே புதுத் துகள் பிறப்பது அரிது. மரங்கள் விடும் ஐசோப்ரீன் ஆவி அதை அடக்குகிறது என்பது 2009-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். அப்படியானால் அங்கே மேகத்துக்கான துகள் எங்கிருந்து வருகிறது? மேலே, குளிர்ந்த உயரத்தில் பிறந்து, மழையின்போது பாய்ந்திறங்கும் காற்றோடு கீழே வருகிறது என்று 2016-இல் விமான அளவீட்டோடு காட்டினார்கள். உங்கள் மழைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள்: மழை பெய்துகொண்டிருக்கும் நேரத்திலேயே சிறு துகள் ஏறுகிறதா? வெயில் வரும்வரை காத்திருக்கிறதா? இரவு மழைகளின் தரவைத் தனியாகப் பிரித்தால் விடை தெரிந்துவிடும், இரவில் வெயிலின் வேலை கிடையாது.

---

கார்முகில் எழுதியது:

நான் மேகப் பக்கத்து ஆள். 40 நானோமீட்டரில் உங்கள் பட்டை முடிகிறது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. மேகத்துக்கு அது இன்னும் போதாது.

துகளே இல்லாத காற்றில் நீர்த்துளி உருவாக ஈரப்பதம் பல நூறு சதவீதம் போக வேண்டும். நிஜ மேகங்கள் 101 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே ஒவ்வொரு மேகத்துளிக்குள்ளும் ஒரு துகள் இருக்கிறது. 1880-களின் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் துகளை எண்ணியதும் இதை வைத்துத்தான்: ஈரக் காற்றை விரியவிட்டுக் குளிர்வித்து, கோடிட்ட வெள்ளித் தகட்டில் விழும் துளிகளை எண்ணினார். உங்கள் சி.பி.சி. செய்வதும் அதே வேலை, தண்ணீருக்குப் பதில் பியூட்டனால்.

நீரை ஈர்க்கும் பொருளாக இருந்தால் 60 முதல் 100 நானோமீட்டர் துகள் மேகத்துளியாகும். அந்த அளவை எட்டப் பல மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை பிடிக்கும், வழியில் பெரும்பாலானவை மோதி அழிந்துவிடும். எட்டியவை மேகத்துக்குள் போனால் இன்னொரு வேலை நடக்கிறது. துளிக்குள் கரைந்த சல்ஃபர் டை ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடு சல்ஃபேட்டாக மாற்றும். மழையாகாமல் மேகம் கலைந்தால், போனதைவிடப் பெரிய துகள் வெளியே வரும். கடற்காற்றின் அளவுப் பரவலில் 80 நானோமீட்டர் அருகே ஒரு பள்ளம் தெரிவது இதனால்தான். ஹாப்பெல் பள்ளம் என்பார்கள்.

கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. அதன் பின் கடல் மேகங்களில் கப்பல் தடங்கள் (கப்பல் புகையால் மேகத்தில் விழும் வெளிறிய கோடுகள்) தெளிவாகக் குறைந்தன. நேரடிப் புகையாக வந்த துகளும், வாயுவிலிருந்து பிறந்த சல்ஃபேட்டும் எவ்வளவு தூரம் மேகத்தை ஆள்கின்றன என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனையை நாம் வேண்டுமென்று செய்திருக்க முடியாது.

---

மாடிநிலையம் எழுதியது:

இரவு மழைகளைப் பிரித்துப் பார்த்தேன். மழையின்போது ஏற்றம் இல்லை, வெயில் ஏறிய பிறகுதான். கண்டன்சேஷன் சிங்க்கை எஸ்.எம்.பி.எஸ். தரவிலிருந்தே கணக்கிட முடியுமா? மங்கலான நாளையும் மழை நாளையும் எண்ணில் ஒப்பிட வேண்டும்.

---

பியூட்டனால்வாசம் எழுதியது:

தாராளமாக. ஒவ்வொரு அளவுப் பிரிவிலும் விட்டத்தை எண்ணிக்கையால் பெருக்கி, ஃபுக்ஸ்–சுட்டுகின் திருத்தத்தையும் (மிகச் சிறிய துகளின் மேல் ஆவி ஒட்டும் வேகத்துக்கான திருத்தம்) பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகையை 2π-யாலும் சல்ஃப்யூரிக் அமிலத்தின் பரவல் கெழுவாலும் பெருக்கினால் சிங்க். வினாடிக்கு 0.001 பக்கம் வந்தால் சுத்தமான காற்று, 0.01-ஐத் தாண்டினால் மூட்டம். தொகையில் பெரும்பங்கு 50 முதல் 500 நானோமீட்டருக்குள் இருந்து வரும், அதனால் உங்கள் கருவி 10-இல் தொடங்குவது இதற்குக் குறையில்லை.

ஒரே எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். உலர்ந்த விட்டத்தைத் தருகிறது. வெளியே ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால் அதே துகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும், நிஜமான சிங்க் நீங்கள் கணக்கிட்டதைவிடப் பெரிது. மழைக்கு அடுத்த காலையில் இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது. மணிவாரி ஈரப்பதத்தை வைத்து விட்டத்தைத் திருத்திவிட்டு, பிறகு இரண்டு வகை நாட்களையும் ஒப்பிடுங்கள். காலை எட்டு மணி எண்ணைவிட, ஏற்றம் தொடங்குவதற்கு முந்தைய அரை மணியின் சிங்க்கை எடுத்தால் வேறுபாடு தெளிவாக வரும்.